புற ஊதா எல்இடி: மிச்சம் 95 வாட் எங்கே போகிறது?



எல்இடி என்றாலே நமக்கு முதலில் ஞாபகம் வருவது மின்சாரச் சிக்கனம். பழைய குண்டு பல்பைக் கழற்றிவிட்டு எல்இடி மாட்டினால் பில் குறையும், விளக்கும் அவ்வளவாகச் சுடாது. இதெல்லாம் சரிதான். ஆனால் ஒரு வகை எல்இடி இருக்கிறது. அதற்கு 100 வாட் மின்சாரம் கொடுத்தால் ஏறக்குறைய 5 வாட்தான் ஒளியாக வெளியே வரும். மிச்சம் 95 வாட்டும் சூடு. கிட்டத்தட்ட அந்தக் குண்டு பல்பின் கதைதான்!

கிருமி கொல்லும் யூவி-சி எல்இடியைத்தான் சொல்கிறேன். தண்ணீர் வடிகட்டி, பால்புட்டி சுத்தம் செய்யும் பெட்டி, கைப்பேசியைத் துடைக்காமலே சுத்தம் செய்யும் கருவி என்று இன்றைக்கு எத்தனையோ விளம்பரங்களில் 'யூவி எல்இடி' என்ற சொல் வருகிறது. அதில் எது உண்மையாக வேலை செய்யும், எது சும்மா ஊதா நிறத்தில் மின்னும் விளக்கு என்று பிரித்துப் பார்க்க, இந்த 5 வாட் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். எஸ்பிஎம் இயற்பியல் படித்தவர்களுக்கு இது எட்டக்கூடிய கணக்குதான், பயப்படாதீங்க. இந்த 5 எப்படி மெதுவாக மேலே ஏறிக்கொண்டிருக்கிறது என்பதுதான் இதில் சுவையான பகுதி.

ஒரே பெயரில் இரண்டு கதை

கண்ணுக்குத் தெரியும் ஊதா நிறம் ஏறக்குறைய 400 நானோமீட்டரில் முடிந்துவிடும். அதற்குக் கீழே வருவது புற ஊதா. 315 முதல் 400 வரை யூவி-ஏ, 280 முதல் 315 வரை யூவி-பி, 100 முதல் 280 வரை யூவி-சி. எண் குறையக் குறைய ஒவ்வொரு ஃபோட்டானும் சுமக்கும் சக்தி கூடும். 1240ஐ அலைநீளத்தால் வகுத்தால் அந்தச் சக்தி எலக்ட்ரான்-வோல்ட் கணக்கில் கிடைத்துவிடும். 365 நானோமீட்டருக்கு 3.4, 265க்கு 4.68. இந்தச் சின்ன சூத்திரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

யூவி-ஏ எல்இடியைப் பொறுத்தவரை பெரிய கவலை இல்லை. கள்ளநோட்டு பார்க்கும் விளக்கு, ஜெல் நகப்பூச்சைக் காயவைக்கும் பெட்டி, பிசின் ஊற்றி உருவம் செய்யும் முப்பரிமாண அச்சுப்பொறி, அச்சகத்தில் மையை நொடியில் உலர்த்தும் இயந்திரம் எல்லாவற்றிலும் அது வந்துவிட்டது. நல்ல 365 நானோமீட்டர் எல்இடி, கொடுக்கும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒளியாக்குகிறது. 395, 405 பக்கம் போனால் பாதியையே எட்டுகிறது. (பல் மருத்துவர் வாயில் காட்டும் நீல விளக்கையும் பலர் யூவி என்று நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் 470 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளி, யூவி இல்லை.)

யூவி-சி வேறு கதை. கிருமிகளின் டிஎன்ஏ 260, 265 நானோமீட்டர் பக்கத்தில்தான் ஒளியை அதிகமாக உறிஞ்சுகிறது. உறிஞ்சியதும் டிஎன்ஏவில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் தைமின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் அந்த டிஎன்ஏவைப் படியெடுக்க முடியாது. கிருமி பெருக முடியாமல் செயலிழந்துவிடும். பாதரச ஆவி விளக்கு 254 நானோமீட்டரில் ஒளிவிடுவது மனிதனுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம்தான், தேவையான இடத்துக்கு மிகவும் பக்கம். அதன் செயல்திறனும் 30 முதல் 40 விழுக்காடு. அதனால்தான் தண்ணீர்ச் சுத்திகரிப்பில் இவ்வளவு காலம் அதுவே ராஜா.

பிறகு ஏன் எல்இடி தேடி அலைய வேண்டும்? முதல் காரணம் பாதரசம். ஜப்பானின் மினமாத்தாவில் தொழிற்சாலைக் கழிவில் போன பாதரசம் மீன் வழியாக மக்களின் நரம்பு மண்டலத்தைச் சிதைத்தது. 1956-இல் அந்த நோய் அதிகாரபூர்வமாகக் கண்டறியப்பட்டது. அந்த ஊரின் பெயரிலேயே பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் அனைத்துலக உடன்படிக்கை 2013-இல் ஏற்கப்பட்டு 2017-இல் நடப்புக்கு வந்தது. இரண்டாவது காரணம், குழல் விளக்கை எல்லா இடத்திலும் நுழைக்க முடியாது. கண்ணாடி, உடையும். சூடாகி முழு ஒளிக்கு வரவும் நேரம் எடுக்கும். எல்இடி அரிசி மணி அளவுதான், சுவிட்சைத் தட்டிய நொடியே முழு ஒளி.

நான்கு பாடம், ஒரே மொத்த மார்க்

எல்இடிக்குக் கொடுத்த மின்சாரத்தில் எவ்வளவு ஒளியாக வெளியே வந்தது என்பதைப் பொறியியலில் வால்-பிளக் எஃபிஷியன்சி என்பார்கள். நாம் மொத்தச் செயல்திறன் என்று சொல்லலாம். இது நான்கு பின்னங்களின் பெருக்கல். எலக்ட்ரான்களில் எத்தனை சரியான அடுக்குக்குப் போய்ச் சேர்ந்தன? சேர்ந்ததில் எத்தனை, துளைகளோடு இணைந்து ஃபோட்டான் ஆயின? ஆன ஃபோட்டான்களில் எத்தனை சில்லுக்கு வெளியே தப்பின? கடைசியாக, கொடுத்த வோல்ட் எவ்வளவு, ஃபோட்டானுக்கு உண்மையில் தேவைப்பட்டது எவ்வளவு?

ஒரு எடுத்துக்காட்டுக் கணக்கு போடுவோம். இந்த நான்கும் முறையே 0.8, 0.6, 0.12, 0.8 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 0.046, அதாவது 4.6 விழுக்காடு. பள்ளியில் மூன்று பாடத்தில் நல்ல மார்க் எடுத்து ஒன்றில் 12 வாங்கினாலும் சராசரி கொஞ்சம் காப்பாற்றும். இங்கே சராசரி கிடையாது, பெருக்கல். ஒரு பாடம் கவிழ்ந்தால் எல்லாமே கவிழும். முதல் பின்னத்தை 0.8இலிருந்து 0.9க்கு உயர்த்தினால் மொத்தம் 5.2தான் ஆகும். ஆனால் அந்த 0.12ஐ 0.24 ஆக்கினால் மொத்தம் நேராக இரட்டிப்பு, 9.2. எங்கே உழைக்க வேண்டும் என்பதை இந்தப் பெருக்கலே சொல்லிவிடுகிறது.

இரண்டாவது பின்னம் படிகத்தின் சுத்தம். யூவி-சி எல்இடி செய்யும் பொருள் அலுமினியம் காலியம் நைட்ரைடு. அலுமினியம் கூடக் கூட அலைநீளம் குறையும். முழுக்க அலுமினியம் நைட்ரைடாகவே ஆகிவிட்டால் 210 நானோமீட்டர் வரை போகலாம். 2006-இல் ஜப்பானின் என்டிடி ஆய்வகம் அதைச் செய்தும் காட்டியது. ஆனால் ஒளி மிக மிகச் சொற்பம், 'முடியும்' என்று நிரூபித்தது மட்டும்தான் லாபம்.

இந்தப் படிகத்தை வழக்கமாக நீலக்கல், அதாவது சஃபையர் தகட்டின் மேல் வளர்ப்பார்கள். இரண்டு படிகத்திலும் அணுக்களின் இடைவெளி ஒன்றுக்கொன்று பொருந்தாது. வேறு வேறு அளவு ஓடுகளை ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினால் எப்படி இருக்கும்? அந்த மாதிரி சதுர சென்டிமீட்டருக்குப் பத்துக் கோடிக்கும் மேல் வரிசைப் பிசகுகள் வந்துவிடும். எலக்ட்ரான் அந்தப் பிசகில் விழுந்தால் ஒளி இல்லை, சூடுதான். நீல எல்இடியிலும் இதே அளவு பிசகு இருக்கிறது, ஆனாலும் அது ஜோராக எரிகிறது. அதில் கலந்திருக்கும் இண்டியம் எலக்ட்ரான்களை அங்கங்கே சின்னப் பள்ளங்களில் பிடித்து வைத்துக்கொள்வதால் அவை பிசகு வரைக்கும் போவதில்லை என்பது பொதுவான விளக்கம். யூவி-சியில் அந்த இண்டியம் உதவி கிடையாது.

இதற்கு இரண்டு வழி கண்டார்கள். ஒன்று, அலுமினியம் நைட்ரைடையே தகடாக வளர்த்து அதன் மேல் அடுக்குவது. அமெரிக்காவின் கிரிஸ்டல் ஐஎஸ் நிறுவனம் இந்தப் பாதையில் போனது. பிசகு பல ஆயிரம் மடங்கு குறையும், ஆனால் 2000 டிகிரி செல்சியசுக்கு மேல் வளர்க்க வேண்டிய படிகம் மலிவாகவா வரும்? இன்னொன்று, சஃபையர் மேல் போட்ட மெல்லிய அலுமினியம் நைட்ரைடு அடுக்குகள் இரண்டை முகத்துக்கு முகம் வைத்து 1700 டிகிரி வாக்கில் சுடுவது. ஜப்பானின் மியே பல்கலைக்கழகத்தில் வளர்ந்த முறை இது. சூட்டில் அணுக்கள் நகர்ந்து தாமாகவே வரிசைக்கு வரும். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் அழகு. விலையுயர்ந்த பொருளைத் தேடாமல், இருப்பதையே சரிபண்ணும் வழி.

இங்கே ஒரு பழைய கடனையும் சொல்லிவிடுகிறேன். நீல எல்இடிக்காக 2014-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அகாசாகியும் அமானோவும் 1986-இல் செய்த முக்கியமான காரியம், சஃபையருக்கும் காலியம் நைட்ரைடுக்கும் நடுவில் ஒரு மெல்லிய அலுமினியம் நைட்ரைடு அடுக்கைப் போட்டதுதான். அன்றைக்கு அது நடுவில் வைத்த மெத்தை. இன்றைக்கு அதே பொருள்தான் கதாநாயகன்.

உள்ளேயே சிறைப்பட்ட ஒளி

இப்போது அந்த 0.12க்கு வருவோம். அலுமினியம் நைட்ரைடின் ஒளிவிலகல் எண் யூவி-சியில் சுமார் 2.3. படிவம் 4இல் படித்த முழு அக எதிரொளிப்பை ஞாபகப்படுத்துங்கள். மாறுநிலைக் கோணம் ஏறக்குறைய 26 டிகிரி. அதைவிடச் சாய்வாகப் போகும் ஒளி எல்லாம் திரும்ப உள்ளேயே வந்துவிடும். எல்லாத் திசையிலும் சமமாக ஒளி பரவுகிறது என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால், ஒரு தட்டையான முகத்தின் வழியாக நேரடியாகத் தப்புவது வெறும் 5 விழுக்காடு. ஃபோட்டானைச் சிரமப்பட்டு உருவாக்கிவிட்டு வாசலில் நிற்க வைப்பது போல.

திரும்பி வந்த ஒளி இன்னொரு முறை மோதி வெளியே போகலாமே என்று கேட்பீர்கள். போகலாம், உள்ளே யாரும் அதை விழுங்காமல் இருந்தால். பிரச்சினையே அங்கேதான். எல்இடியின் ஒரு பக்கம் துளைகளைத் தரும் பி-வகை அடுக்கு வேண்டும். அதற்கு மெக்னீசியம் கலப்பார்கள். மெக்னீசியம் அணுவிடமிருந்து ஒரு துளையைப் பெறக் காலியம் நைட்ரைடில் ஏறக்குறைய 0.2 எலக்ட்ரான்-வோல்ட் தேவை, அலுமினியம் நைட்ரைடில் அரை எலக்ட்ரான்-வோல்ட்டுக்கும் மேல். அறை வெப்பநிலை தரும் சக்தியோ 0.026தான். ஆக, அலுமினியம் கூடினால் துளை கிடைப்பது அரிதாகிவிடும். அதனால் பொறியாளர்கள் என்ன செய்தார்கள்? மின்சாரம் நன்றாகப் பாயட்டும் என்று மேலே ஒரு காலியம் நைட்ரைடு அடுக்கை வைத்தார்கள். மின்சாரம் பாய்ந்தது. ஆனால் காலியம் நைட்ரைடின் ஆற்றல் இடைவெளி 3.4. நாம் முன்னே பார்த்த சூத்திரப்படி 365 நானோமீட்டரைவிடக் குறைந்த எல்லா ஒளியையும் அது உறிஞ்சிவிடும். அந்தப் பக்கம் போன யூவி-சி அத்தனையும் காலி.

இந்தச் சிக்கலை ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிலையமும் பானசோனிக்கும் சேர்ந்து நேராக எதிர்கொண்டன. 2017-இல் வந்த அவர்களின் முடிவு இந்தத் துறையில் எல்லாரும் எடுத்துக்காட்டும் ஒன்று. காலியம் நைட்ரைடை எடுத்துவிட்டு, ஒளி ஊடுருவும் அலுமினியம் காலியம் நைட்ரைடையே பி-பக்கம் வைத்தார்கள். அதற்குப் பின்னால் ரோடியம் உலோகக் கண்ணாடி. சஃபையர் தகட்டில் மேடு பள்ளம் செதுக்கி, சில்லின் மேல் பிசினால் வில்லை போல மூடினார்கள். 275 நானோமீட்டரில், உள்ளே போன 100 எலக்ட்ரானுக்கு 20.3 ஃபோட்டான் வெளியே வந்தது.

20 விழுக்காடு என்றால் அபாரம் இல்லையா? ஆனால் மொத்தச் செயல்திறன் 5.7 விழுக்காடுதான். எங்கே போனது மிச்சம்? நாமே கண்டுபிடிக்கலாம். 1240ஐ 275ஆல் வகுத்தால் 4.51. ஃபோட்டான் ஒன்றுக்கு உண்மையில் தேவை 4.51 வோல்ட். 20.3ஐ 4.51ஆல் பெருக்கி 5.7ஆல் வகுத்தால் கிடைப்பது 16. அதாவது எல்இடிக்கு ஏறக்குறைய 16 வோல்ட் கொடுக்க வேண்டியிருந்திருக்கிறது! ஒளி ஊடுருவும் அடுக்கு நன்றாக ஒளியை விட்டது, மின்சாரத்தை விட மறுத்தது. மூன்றாவது பாடத்தில் மார்க் ஏறியது, நான்காவதில் இறங்கியது. ஓர் ஆய்வு முடிவைப் படிக்கும்போது தலைப்பில் இருக்கும் எண்ணை மட்டும் பார்க்கக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குக் கிடைத்ததில்லை.

இன்றைய முன்னேற்றமெல்லாம் இந்த இரண்டு பாடத்தையும் ஒன்றாகப் பாஸ் பண்ண வைக்கும் முயற்சிதான். ஆரம்ப கால யூவி-சி எல்இடிகள் 1 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. இன்று கடையில் வாங்கக்கூடிய நல்லவை 5 விழுக்காட்டைச் சுற்றி நிற்கின்றன, சிறந்தவை அதையும் தாண்டிப் போகின்றன. 2 வாட் கொடுத்து 5 விழுக்காட்டில் 100 மில்லிவாட் ஒளி எடுத்தால் சூடு 1.9 வாட். செயல்திறன் 10 ஆனால் அதே ஒளிக்கு 1 வாட் போதும், சூடு 0.9 வாட். சூடு குறைந்தால் எல்இடியின் ஆயுள் கூடும், வெப்பத்தை இறக்கும் உலோகத் தகடும் சின்னதாகும், பொருளின் விலையும் இறங்கும். ஆக, 5இலிருந்து 10க்குப் போவது என்பது வெறும் 5 விழுக்காடு லாபம் இல்லை.

பினாங்கிலும் கூலிமிலும் எல்இடி தொழில் வேரூன்றியிருக்கிறது. 2017-இல் கூலிமில் ஓஸ்ராம் எல்இடி சில்லுத் தொழிற்சாலையைத் திறந்தது. கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கான சில்லுகள்தான். இருந்தாலும் அடுக்கடுக்காகப் படிகம் வளர்க்கும் அந்தத் தொழில்நுட்பம் இதே குடும்பம். எந்தத் துறை படிக்கலாம் என்று யோசிக்கும் தம்பி தங்கைகள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள்.

5 விழுக்காடு எப்படி 30ஐ வெல்லும்?

வீட்டில் குழாயோடு இணைத்த ஒரு தண்ணீர் வடிகட்டியை எடுத்துக்கொள்வோம். உள்ளே 10 வாட் பாதரச விளக்கு, 30 விழுக்காடு செயல்திறன், ஆக 3 வாட் யூவி-சி. அதை அடிக்கடி அணைத்து ஏற்ற முடியாது. சூடாக நேரம் எடுக்கும், ஏற்றி இறக்கினால் ஆயுளும் குறையும். அதனால் நாள் முழுக்க எரியும். 10 வாட், 24 மணி நேரம், 240 வாட்-மணி.

அதே 3 வாட் ஒளியை 5 விழுக்காடு எல்இடியில் எடுக்க 60 வாட் வேண்டும். ஆறு மடங்கு! ஆனால் குழாயைத் திறக்கும்போது மட்டும் எரிந்தால் போதும். ஒரு குடும்பம் குடிதண்ணீருக்குக் குழாய் திறப்பது நாளைக்கு மொத்தம் 20 நிமிடம் என்று வைப்போம். 60 வாட், 20 நிமிடம், 20 வாட்-மணிதான். பன்னிரண்டில் ஒரு பங்கு. ஓடும் தண்ணீரே எல்இடியின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும்படி வடிவமைக்கலாம்.

ஊருக்கே தண்ணீர் அனுப்பும் சுத்திகரிப்பு நிலையத்துக்கு இந்தக் கணக்கு செல்லாது. அங்கே விளக்கு இரவு பகலாக எரிந்தே ஆக வேண்டும். 10 வாட்டுக்குப் பதில் 60 வாட் என்றால் யார் ஒத்துக்கொள்வார்கள்? எல்இடி 30 விழுக்காட்டை நெருங்கும்வரை அங்கே பாதரசத்தை அசைப்பது கடினம். எனவே 'எல்இடி வந்துவிட்டது, பழசு போய்விட்டது' என்று யாராவது சொன்னால், எந்த இடத்துக்கு என்று திருப்பிக் கேளுங்கள்.

கையில் பிடித்துத் தடவும் குச்சி விளக்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். குடிநீரைச் சுத்திகரிக்கப் பரவலாக ஏற்கப்பட்ட அளவு, சதுர சென்டிமீட்டருக்கு 40 மில்லிஜூல். அதையே ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்வோம். குச்சியின் யூவி-சி வெளியீடு 10 மில்லிவாட், ஒளி முழுவதும் கைப்பேசி முகப்பு அளவான 100 சதுர சென்டிமீட்டரில் விழுகிறது என்றால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.1 மில்லிவாட். 40ஐ எட்ட 400 நொடி, அதாவது 6 நிமிடம் 40 நொடி அசையாமல் பிடிக்க வேண்டும். விளம்பரத்தில் 10 நொடி என்று போட்டிருந்தால் என்ன அர்த்தம் என்று நீங்களே முடிவு செய்யுங்கள். அலைநீளமும், யூவி-சி வெளியீடு எத்தனை மில்லிவாட் என்பதும் எழுதாத பொருளை நான் வாங்க மாட்டேன். உள்ளே போகும் மின்சார வாட்டை மட்டும் பெரிதாக எழுதியிருந்தால், அதில் 95 பங்கு சூடு என்பது இப்போது உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று, யூவி-சி கண்ணுக்குத் தெரியாது. நாம் பார்க்கும் ஊதா மினுக்கம், விளக்கு எரிகிறது என்று காட்டச் சேர்த்த வேறு ஒளியாக இருக்கலாம். மினுக்கம் பலமாக இருந்தால் கிருமி நிறைய சாகும் என்று நினைக்க வேண்டாம். கண்ணையும் தோலையும் யூவி-சி படுமோசமாகத் தாக்கும். வெல்டிங் செய்யும் அண்ணன்களைக் கேட்டுப் பாருங்கள், கவசம் இல்லாமல் பார்த்த அன்றைக்கு இரவு கண்ணில் மணல் கொட்டியது போல வலிக்கும். அதே வலிதான். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால், மூடியைத் திறந்ததும் தானே அணையும் பெட்டி வகையே நல்லது.

கடைசியாக ஒரு பயிற்சி. 275 நானோமீட்டர் எல்இடி ஒன்று, 6 வோல்ட், 0.35 ஆம்பியர், ஒளி வெளியீடு 100 மில்லிவாட். மொத்தச் செயல்திறன் என்ன, 100 எலக்ட்ரானுக்கு எத்தனை ஃபோட்டான் வெளியே வருகிறது?

விடை: மின்சாரம் 6 × 0.35 = 2.1 வாட், எனவே செயல்திறன் 4.8 விழுக்காடு. எல்லா எலக்ட்ரானும் ஃபோட்டானாகி வெளியே வந்திருந்தால் 4.51 × 0.35 = 1.58 வாட் ஒளி கிடைத்திருக்கும். வந்தது 0.1 வாட், ஆகவே 100 எலக்ட்ரானுக்கு 6.3 ஃபோட்டான். அந்த 2017 ஆய்வின் எல்இடியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே 20.3 ஃபோட்டான் வெளியே வந்தும் மொத்தம் 5.7தான். இதில் வெளியே வருவது 6.3தான், ஆனால் மொத்தம் 4.8. வோல்ட் செய்யும் வேலை அது.